தெரிந்தே விற்றீர்கள்

பழைய வண்டி என்றால் பழுது இருக்கும். டயர் தேய்ந்திருக்கும், ஏ.சி. சரியாகக் குளிராது, கதவு ஒருமுறைக்கு இருமுறை அடித்தால்தான் சாத்தும். அதற்கெல்லாம் மனதைத் தயார் செய்துகொண்டுதான் புதுச்சேரிக்கு வந்தேன். ஆனால் நீங்கள் எனக்கு விற்றது பழைய வண்டி அல்ல. கெட்டுப்போனது என்று தெரிந்து, கெட்டது வெளியே தெரியாமல் செய்து வைத்த வண்டி.

“தங்கமான வண்டிண்ணே, கண்ணை மூடிக்கிட்டு எடுங்க” என்றீர்கள். ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கூட்டிப்போனது கடற்கரைப் பக்கத்துச் சமதளத் தெருக்களில். கியர் வெண்ணெயாய் விழுந்தது. எங்கள் ஊர் அப்படி இல்லை. பெரிய முதலியார்சாவடியில் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு மேற்கே திரும்பினால் குயிலாப்பாளையம் வரை செம்மண் மேடு ஏற வேண்டும். பார்வைக்கு அது பெரிய ஏற்றம் இல்லை. பின் சீட்டில் தையல் துணி மூட்டைகள், அவற்றின் நடுவில் என் மனைவி, மடியில் பிள்ளை. பாரம் ஏறியதும் ரெண்டாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. வண்டி பின்பக்கம் உருண்டது. பின்னால் வந்த டெம்போக்காரர் பிரேக் போட்டாரே, அவருக்கு ஆயுசு நூறு. பிரேக் போடாமல் இருந்திருந்தால்? இதை உங்களைத்தான் கேட்கிறேன்.

கோட்டக்குப்பத்து மெக்கானிக் கியர் பாக்ஸை இறக்கினார். கியர் மாற்றும்போது சுற்றும் பல்லின் வேகத்தையும் தண்டின் வேகத்தையும் உரசி ஒன்றாக்குவது பித்தளை சின்க்ரோ ரிங். அது மழுங்கிப் போயிருந்தது. ஸ்லீவ் போய்க் கவ்வ வேண்டிய சின்னப் பற்களின் முனை உருண்டுவிட்டது. கவ்வ ஒன்றும் இல்லாததால்தான் பாரம் ஏறினால் கழன்றுவிடுகிறது. தள்ளிவிடும் ஃபோர்க்கும் வளைந்திருக்கிறது. உள்ளே இருந்த ஆயில் அந்த வண்டிக்கு ஊற்ற வேண்டியதே அல்ல. இரைச்சல் கேட்காமல் இருக்க ஊற்றிய கெட்டி ஆயில். வேலையை முடிக்க 25,000 ரூபாய்க்குக் குறையாது என்றார்.

அதையும்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். அடுத்து அவர் காட்டியதைத்தான் தாங்க முடியவில்லை. பெட்டியின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் பூசியிருந்த சீலண்ட் புத்தம் புதிது. போல்ட் தலைகளில் ஸ்பானர் பட்ட கீறல்கூட இன்னும் பளபளக்கிறது. எனக்கு முன்னால் ஒருவர் இதைத் திறந்திருக்கிறார். மழுங்கிய ரிங்கைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, கெட்டி ஆயிலை ஊற்றி மூடியிருக்கிறார். ஒரு ரிங் போடும் செலவை மிச்சம் பிடிக்க என் பிள்ளையை அந்த மேட்டில் ஏற்றி அனுப்பினீர்கள்.

கேட்டால், “நான் வெறும் புரோக்கர்தாண்ணே, விக்கிறது ஓனர்” என்கிறீர்கள். 1,60,000 ரூபாயை எண்ணி வாங்கிய கை யாருடையது? அதில் பாதி என் மனைவியின் சங்கிலியை அடகு வைத்த பணம். ஓனரை நான் பார்த்ததே இல்லை. 29, 30ஆம் எண் படிவங்களில் அவர் போட்ட கையெழுத்து மட்டும் உங்கள் மேசை டிராயரில் இருந்தது. இந்த ஆட்டத்தை நிறுத்தத்தான் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பழைய வண்டி வாங்கி விற்பவர் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வண்டி அவர் கைக்கு வந்ததை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்தால், அதன் பிறகு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். நீங்கள் அதைச் செய்யவே இல்லை. அந்த முன்னாள் ஓனரும் பாவம்தான். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர் தலையையும் சேர்த்தே விற்றிருக்கிறீர்கள்.

பிறகு நீட்டினீர்களே ஒரு தாள், “உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன்” என்று. உள்ளதை உள்ளபடி காட்டினால்தானே அப்படி வாங்க முடியும்? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவு: குறை தெரிந்திருந்தும் அதை முனைந்து மறைப்பது மோசடி. நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். ஆனால் காவல் நிலையத்தில் “இது சிவில் மேட்டருப்பா” என்று எழுந்து போகச் சொன்னார்கள். விற்றது புதுச்சேரி, வாங்கியவன் தமிழ்நாடு. ரெண்டு பக்கமும் கையை விரிக்க அந்த எல்லைக்கோடு வசதியாக இருக்கிறது. பி.ஒய். என்ற புதுச்சேரிப் பதிவெண் கொண்ட வண்டியை இங்கே பதிய அங்கிருந்து தடையில்லாச் சான்று வர வேண்டும். அதற்கு உங்களைக் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தக் கோடு கிடையாது. வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விழுப்புரத்தில் போடுகிறேன். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. மெக்கானிக் எழுதிக் கொடுத்த தாள் இருக்கிறது. சீலண்டின் படம் இருக்கிறது. மழுங்கிய ரிங்கைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். வண்டியை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் அடகு வட்டியோடு திருப்பிக் கொடுங்கள். தரமாட்டேன் என்றால், அந்தப் பெட்டியைத் திறந்து மூடியது யார் என்பதை நுகர்வோர் ஆணையத்தின் முன் நின்று சொல்லுங்கள்.