பிள்ளையின் நித்திரையில் கை வைக்காதீர்கள்

 

குருநகரில் படிப்பிக்கிறேன். முதலாம் பாடவேளையில் கடைசி வாங்கில் ஒரு தலையாவது மேசையில் சாய்ந்திருக்கும். முன்பெல்லாம் எழுப்பி ஏசுவேன். ஒருநாள் "ஏன் தம்பி நித்திரை?" என்று கேட்டேன்.

"விடியக் கரைக்குப் போய் அப்பாவோட வலையில மீன் கழட்டிப்போட்டு வந்தனான் ரீச்சர்."

முதல்நாள் இரவு ஒன்பது மணி வரை ரியூசன். பிறகு போன். கூட்டிப் பார்த்தால் ஐந்து மணித்தியால நித்திரையும் இல்லை. அன்றோடு ஏசுவதை விட்டுவிட்டேன்.

நம் மூளைக்குள் ஒரு மணிக்கூடு இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டு அது நேரத்தைச் சரிசெய்யும். இந்த மணிக்கூடு உயிர்க்கலங்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. நெருக்கடியைச் சமாளிக்க உதவும் கோர்ட்டிசோல் என்ற ஓமோனும் அதன்படியே சுரக்கிறது. நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவு. விடியப்புறம் ஏறி, எழும்பி அரை மணித்தியாலமளவில் உச்சம். பிறகு பகல் முழுக்க இறங்கவேண்டும். நித்திரை கெட்டால் அடுத்த நாள் பின்னேரமும் அது சரியாக இறங்காது. ஒரு கணக்குப் பிழைத்ததற்கே பிள்ளை கொப்பியைக் கிழிக்கும். நாங்கள் அதைத் திமிர் என்கிறோம்.

பதின்ம வயதில் இந்த மணிக்கூடு இயல்பாகவே பிந்தி ஓடும். அவர்களுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை தேவை. பாடசாலை மணியோ 7.30க்கு அடிக்கிறது.

1986 ஜூன் 10இல் மண்டைதீவுக் கடலில் 31 கடற்றொழிலாளரைப் பறிகொடுத்த ஊர் இது. எங்கள் சனமும் 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தபோதும் உம்மா எங்களை இஷா தொழுததும் படுக்கவைத்து, சுபஹுக்கு எழுப்புவார். வேறெதுவும் எங்கள் கையில் இல்லாத காலத்தில் அந்த நேர ஒழுங்கு மட்டும் இருந்தது. அப்போது அதைக் கண்டிப்பு என்று நினைத்தேன். எங்களைத் தாங்கியதில் அதற்கும் பங்குண்டு என்று இப்போது விளங்குகிறது.

கடலுக்குப் போகும் நேரத்தைக் காற்றும் நீரோட்டமும் தீர்மானிக்கின்றன. அதை மாற்ற முடியாது. ரியூசன் நேரத்தை வைப்பது நாங்கள்தானே? இரவு ஏழு மணிக்குப் பிறகும் விடியப்புறம் ஐந்து மணிக்கும் வகுப்பு வேண்டாம். படுக்கும்போது போன் குசினியில் இருக்கட்டும். ஆசிரியர்களே, முதலாம் பாடவேளையில் சோதனை வைக்காதீர்கள்.

"சாதாரண தரம் வருகுதே ரீச்சர்" என்பீர்கள். படித்தது மூளையில் பதிவதே நித்திரையில்தான்.

உங்கள் பிள்ளை நேற்று எத்தனை மணிக்குப் படுத்தது? புள்ளியைக் கேட்க முதல் இதைக் கேளுங்கள்.