இரைச்சலை அடக்குமுன்

2016இன் தொடக்கத்தில் உற்பத்தி நிறுத்தப்பட்ட பழைய லாண்ட் றோவர் டிஃபென்டர் வண்டிகளில், அருகிலிருப்பவரோடு பேசவும் கூவவேண்டியிருக்கும். மெல்லிய அலுமினியத் தகடுகள் பறைபோல் அதிர்வது ஒரு காரணம். எடுத்த எடுப்பிலேயே தடித்த விரிப்புகளை வாங்கி நிரப்புவது வீண்செலவு. முதலில், கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இலகுவாக வந்தால் இறப்பர்ப் பட்டியை மாற்றவேண்டும். தகடுகளின் நடுப்பகுதியில் தார்ப்பட்டை ஒட்டினாலே அதிர்வு பெரிதும் தணியும், முழுவதும் மூடவேண்டியதில்லை. கதவடியில் நீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

அடைக்கவேண்டியவை, இயந்திர அறைக்கும் இருக்கைகளுக்கும் இடையிலுள்ள துளைகளே. அவற்றினூடாக இரைச்சல் மட்டுமன்று, நிறமும் மணமுமற்ற நச்சுவாயுவான காபனோரொட்சைட்டும் உள்நுழையலாம். ஆகவே, புகைக்குழாய் வழமைக்கு மாறாக உறுமத் தொடங்கினால் அதை விரிப்பால் மறைக்காதீர்கள். பிள்ளைகளை ஏற்றுமுன் கசிவைத் திருத்துவியுங்கள்.