நீர்க்கணக்கும் நம் கடனும்

தன் இல்லத்தில் நெல் எத்துணை, காசு எத்துணை என்று அறியாது செலவிடும் குடும்பத்தலைவனை உலகம் பேதை என்னும். நாடு என்னும் பெருங்குடும்பத்திற்கு நெல்லினும் காசினும் சிறந்த முதல் நீரே. அதன் இருப்பையும் வரவையும் செலவையும் எழுதி வைத்தல் அரசின் தலையாய கடன் என்பதில் ஐயமில்லை. ஆயின், அக்கணக்கை எழுதற்குரியார் அரசினர் மட்டுமே என்று கருதி நாம் வாளா இருத்தல் தகுமோ? தகாது என்பதே எம் கருத்து. அதனை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

நம் தேசத்தின் நீர்க்கணக்கு இப்பொழுது விரைந்து எழுதப்பட்டு வருகின்றது. நிலத்தடியில் நீர் தாங்கும் அடுக்குகளைப் படமாக வரையும் பெரும்பணியை மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. நாடெங்குமுள்ள நீர்நிலைகளின் முதற் கணக்கெடுப்பு 2023-இல் வெளியாயிற்று. அதன்படி இந்திய தேசத்து நீர்நிலைகள் 24,24,540, தமிழ்நாட்டிற்குரியவை 1,06,957. ஆக்கிரமிப்புக்கு உள்ளானவை என நாடு முழுவதும் குறிக்கப்பெற்றவை 38,496. அவற்றுள் தமிழ்நாட்டிலுள்ளவை 8,366. நீர்நிலைகளில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக உடைய நாம், ஆக்கிரமிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உடையோம்! பிறர் மறைத்ததை நாம் உண்மையாக எழுதினோம் என்று எவரேனும் ஆறுதல் கூறலாம். அஃது உண்மையாயினும் இழந்த குளம் இழந்ததே.

நிற்க. புதுக்கோட்டை ஜில்லாவைச் சிறிது நோக்குவோம். தொண்டைமான் மன்னர் ஆண்ட இச்சமஸ்தானம் 1948-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் இந்திய யூனியனோடு இணைந்தது. 1974-இல் தனி ஜில்லாவாயிற்று. இங்கு வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வெள்ளாறும் அக்கினியாறும் அம்புலியாறும் மழை பெய்தால் ஓடுவன. பெய்யாவிடின் மணலாய்க் கிடப்பன. கிழக்கே அறந்தாங்கிப் பக்கத்திற்கு மட்டும், 1934-இல் திறக்கப்பெற்ற கல்லணைக் கால்வாயின் கடைமடை நீர் எட்டும். எஞ்சிய நிலமெல்லாம் வானம் பார்த்த பூமி. இத்தகைய நிலத்தில் நம் முன்னோர் ஐயாயிரத்திற்கு மேற்பட்ட கண்மாய்களையும் குளங்களையும் ஊரணிகளையும் அமைத்தனர்.

அவை ஒவ்வொன்றும் தனித்து நிற்பன அல்ல. மேட்டிலுள்ள கண்மாய் நிரம்பியதும், மிகுநீர் கலிங்கு வழியே வழிந்து, அடுத்த கண்மாய்க்கு வரத்தாகும். இங்ஙனம் நூலிற் கோத்த மணிகளைப் போல அவை தொடர்ந்து கிடக்கும். நீரை வெளியேற்றக் கண்மாயின் உள்ளே கல்லால் அமைத்த குமிழித்தூம்பில் நீர் செல்ல ஒரு துளையும் சேறு செல்லப் பிறிதொரு துளையும் வைத்த நுட்பம் வியக்கத்தக்கது. தூம்பு செய்வித்தார் பெயரையும் குளத்திற்கு விடப்பட்ட நிலத்தையும் கூறும் கல்வெட்டுக்கள் இந்நாட்டிற் பல. சமஸ்தான அரசினர் தம் நாட்டுக் கல்வெட்டுக்களைத் திரட்டி 1929-இல் நூலாகவே அச்சிட்டனர். ஆதலின் நீர்க்கணக்கு எழுதுதல் இம்மண்ணிற்குப் புதிதன்று. பண்டைக்காலத்து நிலப்படம் கல்லில் எழுதப்பெற்றது, அவ்வளவே.

இனி, எம் அனுபவம் ஒன்றைக் கூறுவோம். சென்ற கோடை விடுமுறையில் தோழர் இருவருடன், வானிலிருந்து எடுத்த படத்தைக் கைப்பேசியில் விரித்துக்கொண்டு, எம்மூர்க் கண்மாயின் வரத்துக்காலைத் தேடிச் சென்றோம். படத்தில் கண்மாய் நீலமாகத் தெளிவாயிருந்தது, கால் இல்லை. கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் தைலமரக் காடு நின்றது. மழைநீர் மரங்களுக்கே தங்குமாறு குறுக்கும் நெடுக்கும் வரப்பு எழுப்பியிருந்தனர். அங்கு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எம்மை அழைத்து, "தண்ணி வந்த வழிதானே தம்பி தேடுறீங்க? எங்களைக் கேட்டா சொல்லுவோம், யாரு கேக்குறா?" என்றார். அவர் தந்தையார் ஊரின் நீர்ப்பாய்ச்சியாக இருந்தவராம். கோலை ஊன்றி அரை மைல் நடந்து, கால் வளைந்த இடத்தையும், இரண்டு ஊர்களுக்கும் நீர் பிரித்த கல்லையும் காட்டினார். "கெழக்கே இன்னொரு கால் உண்டு, அதை இன்னொரு நாளைக்குப் பாக்கலாம்" என்று விடைகொடுத்தார். பொங்கலுக்கு யாம் ஊர் சென்றபோது அவர் இல்லை. இறந்து இரண்டு திங்களாயிற்று என்றனர். கிழக்குக் கால் எவ்விடத்தில் ஓடிற்று என்பதை உறுதியாகச் சொல்வார் இன்று எம்மூரில் எவருமிலர்.

இந்நிகழ்ச்சி எமக்கு ஓர் உண்மையைப் புலப்படுத்திற்று. வானிலிருந்து நோக்கும் கருவி நீரைக் காணும். நீரின் வழியையும் நீரின் முறையையும் காணாது. எக்கண்மாயின் கலிங்கு எக்கண்மாய்க்கு வரத்து, எம்மடைக்கு எத்தனை நாழிகை நீர், எவ்வூர் முதலில் பாய்ச்சுதல் வழக்கம் என்பனவெல்லாம் முதியோர் நெஞ்சில் உள்ளன. அந்நெஞ்சங்கள் நாள்தோறும் அவிந்து வருகின்றன.

நீரின் முறையைக் கூறும்போது மற்றொன்றையும் மறைத்தல் அறமன்று. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்த ஜில்லாவின் வேங்கைவயல் என்னும் ஊரில், ஒடுக்கப்பட்ட மக்கள் பருகும் மேல்நிலைத் தொட்டி நீரில் மலம் கலக்கப்பட்ட கொடுமையை நாடறியும். எந்நிலப்படத்திலும் அத்தொட்டி ஒரு புள்ளியே. இந்நீரை யார் பருகலாம், யார் தீண்டலாகாது என்று மனிதர் வகுத்த கோடுகளை எப்படமும் காட்டாது. அக்கோடுகளையும் எழுதிக் காட்டி அழிக்காதவரை எந்த நீர்க்கணக்கும் நிறைவுடையதாகாது.

"காவிரியே நம்மை நோக்கி வருமாயின், பழைய கால்களைத் தேடுவதாற் பயன் யாது?" என்று வினவுவார் உளர். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இந்த ஜில்லாவின் குன்னத்தூரில் கால்கோள் செய்யப்பெற்ற காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக் கால்வாய்த் திட்டத்தை அவர் கருதுவர். மாயனூர்க் கதவணையினின்று 262 கிலோமீட்டர் செல்லுமாறு வகுக்கப்பெற்ற அத்திட்டத்தை யாமும் வரவேற்கின்றோம். ஆயின் கால்வாயில் வருவது வெள்ளநீர். வெள்ளம் சில நாளே நிற்கும். அதனை ஏற்றுத் தேக்குவன கண்மாய்களே. கண்மாய்க்குச் செல்லும் கால் தூர்ந்து கிடப்பின், வந்த காவிரியும் நம் வயலைக் கடந்து கடலுக்கே செல்லும். ஆதலின் புதிய திட்டம் பழைய கால்களின் தேவையை மிகுவிப்பதன்றிக் குறைப்பதன்று.

"தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் என்ன வேலை?" எனவும் சிலர் நகைப்பர். அன்பர்காள்! கண்மாய், ஏரி, குளம், ஊரணி, தாங்கல், ஏந்தல், கேணி, சுனை என்று நீர்நிலைக்கு எத்துணைப் பெயர்கள்! ஒவ்வொன்றும் ஒரு பயனையோ ஓர் அமைப்பையோ குறிப்பது. நிலப்படத்தில் எல்லாம் ஒரே நீலப்புள்ளி. சொல்லின் வேறுபாடு அறிந்தவரே பொருளின் வேறுபாட்டையும் காப்பர். புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை பெருக்குமாறு அறிவுறுத்தியதைத் தேர்வுக்கு மட்டும் படித்து மறப்பது முறையாகுமா?

செய்யத்தக்கது எளிது. நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் அடுத்த விடுமுறையில் தத்தம் ஊரின் ஒரு நீர்நிலையை மேற்கொள்க. அதன் பெயர், வரத்துக்கால், மடை, கலிங்கு, பாசனமுறை, உரிமை, வழக்கு ஆகியவற்றை முதியோர்பாற் கேட்டு, உடன் நடந்து பார்த்து எழுதுக. அவற்றைக் கல்லூரி நூல்நிலையத்தில் ஒரு தொகுதியாக வைக்கலாம். ஊராட்சிக்கும் ஒரு படி அளிக்கலாம். இது கைகூடாத கனவன்று. 2018 நவம்பரில் கஜாப் புயல் அழித்துச் சென்றபின், அடுத்த ஆண்டிலேயே கொத்தமங்கலம் இளைஞர்கள் தம் குளங்களைத் தாமே தூர்வாரத் தொடங்கினர் அன்றோ?

ஈசாக்கு தன் தந்தை காலத்திற் வெட்டப்பெற்றுத் தூர்க்கப்பட்ட கிணறுகளை மீளத் தோண்டி, தந்தையிட்ட பெயர்களையே இட்டழைத்தான் என்பது விவிலியச் செய்தி. தோண்டுதற்கு முன்னர் அவன் அவ்விடங்களையும் பெயர்களையும் அறிந்திருந்தான் என்பதை நாம் மறத்தலாகாது. எம்மூர்க் கிழக்குக் காலை யாம் இழந்தோம். நும் ஊர்க் கால்களைச் சொல்லவல்லார் இன்னும் திண்ணையில் அமர்ந்திருக்கக்கூடும். விரைந்து சென்று கேண்மின்.