பேனை நின்ற இடம்

பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இறங்கும் கிரவல் பாதையோரம் ஒரு வீடு. வினாக்கொத்து நிரப்ப வந்த மாணவிக்கு விறாந்தையில் கதிரை போட்டுக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரி எதிரே சீமெந்துக் கட்டில் அமர்ந்தார். பெயர், வயது, படிப்பு எல்லாம் தடங்கலின்றிப் போயின. ‘திருமண நிலை’ வந்ததும் பேனை நின்றது. மணமாகாதவர், மணமானவர், கணவனை இழந்தவர், விவாகரத்துப் பெற்றவர், பிரிந்து வாழ்பவர் என ஐந்து கட்டங்கள். “அவர் இல்லை எண்டு எழுதிப்போடாதேங்கோ பிள்ளை. வட்டுவாகலடியிலை கடைசியாக் கண்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்” என்றார் அந்த அம்மா.

மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் சொல்ல எதுவும் வரவில்லை. தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனோம். சில மாதங்கள் கழித்துத் தரவுக் கோப்பைத் திறந்தபோது, அவர் ‘கணவனை இழந்தவர்’ என்ற குறியீட்டுக்குள் இருந்தார். பென்சில் குறிப்புக்குக் கணினியில் இடமிருக்கவில்லை. அந்தப் பெண் எங்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. அதையே நாங்கள் மீறியிருந்தோம்.

இந்த இதழின் வாசகர்கள் சமூகவியல் கற்பிப்பவர்கள், கள ஆய்வு செய்பவர்கள், பிரதேச செயலகங்களிலும் நிறுவனங்களிலும் சமூகத் தரவோடு நாளாந்தம் மாரடிப்பவர்கள். உங்களிடம் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வன்னியில் ஏற்றத்தாழ்வு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினால், பெரும்பாலும் அது நமது படிவத்தில் கட்டம் இல்லாத இடத்தில்தான் அகப்படுகிறது.

அந்த ஒரு கட்டத்தையே பின்தொடர்ந்து பார்ப்போம். அவர் இருக்கும் வளவு கணவரின் பெயரில் உள்ள அனுமதிப்பத்திரக் காணி. இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற குளங்களை அண்டிக் குடியேற்றத் திட்டங்கள் வந்தபோது, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணிகளின் வகையைச் சேர்ந்தது. கணவர் இறந்தார் என்று சான்றிதழ் எடுத்தால் பெயர் மாற்றலாம். அந்தச் சான்றிதழை எடுக்க அவருக்கு மனமில்லை. 2016இல் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறச் சட்டம் வழி செய்தது. ஆனால் அந்தக் கடதாசியை வாங்கினால் தேடுவதை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் பல குடும்பங்களில் உண்டு. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அடுத்தடுத்து அமர்ந்தார்கள். ‘விதவை’ என்ற சொல்லை ஒரு பெண் மறுப்பதைத் துயரத்தின் பிடிவாதம் என்று மட்டும் படிப்பவர், அந்தப் பந்தலை ஒருமுறையேனும் போய்ப் பார்த்திருக்கமாட்டார். அந்த மறுப்பு அரசிடம் வைக்கப்பட்ட ஒரு கேள்வி.

காணி அவர் பெயரில் இல்லை. இருந்திருந்தாலும் அனுமதிப்பத்திரத்தை வைத்து வங்கியில் கடன் எடுப்பது இலகுவல்ல. மிஞ்சியது குறூப் லோன். அயலில் உள்ள பெண்கள் சிலர் சேர்ந்து குழுவாகி, ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுக்கும் நுண்கடன். கிழமைக்கு ஒருநாள் யாராவது ஒருவரின் வீட்டில் கூட்டம். மோட்டார் சைக்கிளில் வருபவர் தவணைக்காசு முழுவதும் சேரும்வரை எழும்பமாட்டார். ஒருத்தியின் காசு குறைந்தால் மற்றவர்கள் போட்டுக் கட்டவேண்டும். இடம்பெயர்வுக் காலத்தில் ஒரே தறப்பாளின் கீழ் உலை வைத்தவர்கள், இன்று ஒருவர் வாசலில் ஒருவர் காவல் நிற்கிறார்கள். கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டது அவர்களுடைய உறவு. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று போனதன் அடையாளமாக, அந்த அம்மா கடைப் பை ஒன்றுக்குள்ளிருந்து நான்கு கடன் புத்தகங்களை எடுத்து மாணவியின் மடியில் வைத்தார்.

2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. தவணை தவறியவர்களுக்கே அந்தச் சலுகை. தோட்டை விற்று, இன்னொருவரிடம் மாறி, தவணை தவறாமல் கட்டியவள் அந்தப் பட்டியலில் வரவில்லை. இங்கும் கட்டம்தான் முடிவு செய்தது.

இனி நமது எண்களுக்கு வருவோம். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கில் முல்லைத்தீவின் வறுமை விகிதம் 2012/13இல் 28.8 வீதம். 2016இல் அது 12.7 வீதமாக இறங்கியது. அதே காலத்தில் கிளிநொச்சி 12.7 இலிருந்து 18.2 வீதமாக ஏறி நாட்டிலேயே முதலிடம் பிடித்தது. வவுனியா 2 வீதம். பிறகு வறுமைக் கோடு புதிதாக வரையப்பட்டது. 2016இல் தலைக்கு மாதம் 4,166 ரூபாவாக இருந்த கோடு, புதிய முறையில் 2019க்கு 6,966 ரூபாவானது. முல்லைத்தீவு 44.5 வீதமாயிற்று. மூன்று வருடத்தில் அத்தனை குடும்பங்கள் திடீரென ஏழைகளாகிவிடவில்லை. கோடு உயர்ந்தபோது, அதுவரை கோட்டுக்குச் சற்று மேலே மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் கண்ணில் பட்டார்கள்.

கோட்டை எங்கே போட்டாலும் ஒரு சிக்கல் தீராது. இந்த விகிதம் குடும்பம் எவ்வளவு நுகர்கிறது என்பதை வைத்துக் கணிக்கப்படுகிறது. நுகர்ந்த காசு கூலியிலிருந்து வந்ததா, கடனிலிருந்து வந்ததா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. கடன் பற்றிக் கணக்கெடுப்பில் கேட்கிறார்கள். வறுமை விகிதத்துக்குள் அந்தப் பதில் நுழைவதில்லை. ஆகவே நான்கு கடன் புத்தகம் வைத்திருக்கும் வீடு, கடன் வாங்கிய மாதத்தில் வறுமையிலிருந்து மீண்ட வீடாகவும் தோன்றலாம்.

வீடும் அப்படியே. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபா கட்டங்கட்டமாகக் கிடைத்தது. மண்ணும் கல்லும் விலையேற, மேசன் கூலியும் ஏற, கூரை மட்டத்துக்கு வருமுன் காசு தீர்ந்த வீடுகள் ஏராளம். நகையை அடகு வைத்தும் கடன் பட்டும் மிச்சத்தை முடித்தார்கள். 2023இல் தொடங்கிய அஸ்வெசும தெரிவில் வீட்டின் நிலையும் ஓர் அளவுகோல். கல்வீட்டில் இருப்பவர் வசதியானவர் என்று எண்ணத் தோன்றும். அந்தச் சுவரே கடன் என்பது சுவரைப் பார்த்தால் தெரியாது.

இன்னொரு கட்டம் நமக்கே சங்கடமானது. 1958, 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்தவர்களைக் கிளிநொச்சியும் வவுனியாவும் ஏற்றுக்கொண்டன. காந்தியம் அமைப்பு அவர்களுக்காகப் பண்ணைகளும் குடியிருப்புகளும் அமைத்தது. ஆனாலும் நீர்ப்பாசன வயல் பெரும்பாலும் முன்னரே குடியேறியவர்களிடம் இருக்க, இவர்களிற் பலர் மேட்டுக்காணியிலும் அந்த வயல்களின் கூலியிலும் தங்கிவிட்டார்கள். குடிசன மதிப்பில் ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்தவர்களும் உண்டு. பதிந்ததும் தமிழருக்குள் இருக்கும் இந்த ஏற்றத்தாழ்வு தரவிலிருந்து மறைந்துபோகிறது. சாதியைப் படிவம் கேட்பதே இல்லை. வேலியும் கிணறும் கோவில் திருவிழாவும் கேட்கின்றன. இனத்துக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பேசும் வேளையில் உள்வீட்டு அநீதியை ஏன் கிளறுவது என்று நம்மிற் பலர் தயங்கியிருக்கிறோம். அந்தத் தயக்கத்துக்கான விலையை மேட்டுக்காணியில் கிணறு வற்றும் குடும்பம் கொடுக்கிறது.

தனியொருவரின் இடரையும் சமூகத்தின் பிரச்சினையையும் இணைத்துப் பார்ப்பதே சமூகவியலின் கண் என்று சி. ரைட் மில்ஸ் 1959இல் எழுதினார். வன்னிக்குத் தெற்கே, அனுராதபுர மாவட்டத்தின் புல் எலிய கிராமத்தில் 1954இல் தங்கிய எட்மண்ட் லீச், குளத்தையும் வயற்பங்கையும் அங்குலம் அங்குலமாக அளந்த பிறகே உறவுமுறையைப் பற்றி வாய் திறந்தார். இந்த இரண்டு பழக்கங்களும் நமக்கு வேண்டும். காணாமல்போன கணவர், பெயர் மாறாத காணி, கதவடைத்த வங்கி, அயலவர் பிணை, நான்கு புத்தகங்கள் ஆகியவற்றை ஐந்து தனித்தனி அட்டவணைகளில் போட்டால் ஐந்து ‘சமூகப் பிரச்சினைகள்’ கிடைக்கும். ஒரே வளவுக்குள் வைத்துப் பார்த்தால் ஒரு சமூகம் எப்படி இயங்குகிறது என்பது தெரியும்.

ஆதலால் களத்துக்குப் போவோரிடம் சில வேண்டுகோள்கள். படிவத்தை அச்சடிக்கும் முன், அதில் இடம்பெறவேண்டிய சொற்களை அந்த ஊர்ப் பெண்களிடம் கேளுங்கள். ‘வேறு’ என்ற கட்டத்தில் எழுதுவதைக் கணினிக்குக் கொண்டுபோகும் வழியை முதலிலேயே செய்துவையுங்கள். வருமானம் கேட்கும் இடத்தில் கடனையும், காணி கேட்கும் இடத்தில் அது யார் பெயரில் என்பதையும், தண்ணீர் பாய்கிறதா என்பதையும் கேளுங்கள். மெனிக் பாம் முகாமில் தொடங்கி இன்றுவரை இந்த மக்கள் நிரப்பிக்கொடுத்த படிவங்களுக்குக் கணக்கில்லை. “இதாலை ஏதும் வருமோ பிள்ளை?” என்று கேட்டால், நிவாரணம் வராது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். முடிவைத் திரும்ப வந்து சொல்வதாக வாக்குக் கொடுத்தால், திரும்பப் போங்கள்.

இந்த இதழும் தன் பங்கைச் செய்யும். அடுத்த இதழ் முதல், வன்னிக் களத்திலிருந்து வரும் ஒவ்வொரு கட்டுரையோடும் வினாக்கொத்தையும், எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காத பதில்களை ஆய்வாளர் என்ன செய்தார் என்ற விளக்கத்தையும் கேட்போம். கோப்பில் அந்த அம்மாவின் வரியை நாங்கள் திருத்தினோம். ‘கணவரைத் தேடிக்கொண்டிருப்பவர்’ என்று ஒரு புதிய குறியீடு சேர்த்தோம். சேர்த்த பிறகு ஓரத்துப் பென்சில் குறிப்புகளை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, அந்தக் குறியீட்டுக்குள் வரவேண்டியவர் அவர் ஒருவர் மட்டுமல்ல என்று தெரிந்தது.