சான்றிதழ் தீயை அணைக்காது

மகாராஷ்டிரத்தின் 2006-ம் ஆண்டுத் தீத்தடுப்புச் சட்டப்படி, கட்டட உரிமையாளர் ஜனவரி, ஜூலை மாதங்களில், தீயணைப்புச் சாதனங்கள் நல்ல நிலையில் உள்ளன என்று உரிமம் பெற்ற தனியார் நிறுவனத்திடம் சான்று பெற்று அளிக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. சிறு நகரங்களில் தீயணைப்பு ஊழியர் சிலரே. தீயணைக்க ஓடுகிறவர்களே மாடிக்கு மாடி ஏறிக் குழாயையும் பம்பையும் சோதிப்பது இயலாது.

ஆனால், சான்று தரும் நிறுவனத்துக்குக் கட்டணம் கொடுப்பவரும் உரிமையாளரே. குறை சொல்லும் நிறுவனத்தை அவர் மறுமுறை அழைப்பாரா? கண்டிப்பு எங்கிருந்து வரும்?

2017 டிசம்பர் 29-ல் மும்பை கமலா மில்ஸ் வளாகத் தீயில் 14 பேர் மாண்டனர். 2021 ஜனவரி 9-ல் பண்டாரா அரசு மருத்துவமனையில் பச்சிளங் குழந்தைகள் 10 பேர் பலியாயினர். பிறகு நடக்கும் விசாரணை போன உயிரை மீட்காது.

சோதனை நிறுவனத்தை உரிமையாளர் பொறுக்குவதை விடுத்து, நகராட்சியே சுழற்சி முறையில் அமர்த்தட்டும். கட்டணத்தை உரிமையாளரிடம் வசூலித்து நிறுவனத்துக்கு வழங்கட்டும். தீயணைப்பு அதிகாரிகள் சில கட்டடங்களையேனும் முன்னறிவிப்பின்றிச் சரிபார்க்க வேண்டும். பொய்ச்சான்று தந்தால் உரிமம் ரத்தாக வேண்டும்.

சான்றின் நகலை வாசலில் ஒட்டச் செய்வதும் அவசியம். படிக்கட்டை அடைத்து மூட்டை அடுக்கியிருப்பதை அன்றாடம் காண்பவர் அங்கே வேலை செய்யும் தொழிலாளியும் குமாஸ்தாவுமே. அவர்கள் புகாரை ஏற்க நகராட்சியில் ஓர் அதிகாரி வேண்டும்.

தீயணைப்பை நகராட்சிப் பணிகளில் ஒன்றாக அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணை குறிப்பிடுகிறது. சோதிக்கும் வேலையைக் குத்தகைக்கு விட்டாலும், பொறுப்பை நகராட்சி தட்டிக் கழிக்கலாகாது.