நீச்சலில் திரும்புதல்: காலின் வேலையா, கருத்தின் வேலையா?

வாவிக்கரையிற் பிறந்த பிள்ளைக்கு நீச்சல் பிறவிக்குணம் என்பர் ஒரு சாரார். தடாகமொன்றைக் கட்டிக் கொடுத்தாற் போதும், ஏனையவை தாமே வரும் என்பர் மறுசாரார். இரண்டும் ஒரே வேரில் முளைத்த பேதைமை. நீந்துவது கையும் காலுமே என்று இரு சாராரும் நம்புகின்றனர்.

50 மீற்றர்த் தடாகத்தில் 1500 மீற்றர் நீந்துபவர் 29 முறை திரும்ப வேண்டும். முந்திக் கரணமடித்தால் உதைப்பதற்குச் சுவர் எட்டாது. பிந்தினால் கால் மடங்கி உந்துவிசை கெடும். அத்தருணத்தை வலிய கால் எவ்வாறு அறியும்? தடாகத்தின் அடியிலுள்ள கருங்கோடு சுவருக்கு 2 மீற்றர் முன்பே குறுக்குக்கோட்டுடன் முடிவதும், மல்லாந்து நீந்துவோருக்கெனச் சுவரிலிருந்து 5 மீற்றரிற் கொடிகள் தொங்குவதும் கண்ணுக்காகவே. அக்கண்ணும் முழுதாக நம்பத்தக்கதன்று. நீச்சற் கண்ணாடியூடாக நோக்கின், நீருக்குள் இருக்கும் பொருள் உண்மைத் தொலைவின் ஏறத்தாழ முக்காற் பங்கிலேயே தோன்றும். அணுகும் பொருளின் உருவம் விழியில் விரியும் விகிதமே மோதலுக்கு எஞ்சிய காலத்தைப் புலப்படுத்தும் என்று டேவிட் லீ என்னும் உளவியலாளர் 1976இல் எடுத்துரைத்தார். உடல் சுழலும் கணத்திலோ கண் பெரிதும் உதவாது. உட்செவியும், நீரின் அழுத்தத்தை உணரும் தோலும், முன்னரே உள்ளத்தில் வரைந்துகொண்ட படிமமுமே துணை.

ஐயுறுவோர் பராலிம்பிக் போட்டியிற் பார்வையற்றோர் நீந்துவதைக் காண்க. சுவரை நெருங்கும்போது ஒருவர் மென்னுனிக் கோலினால் அவர்களைத் தட்டுவார். ஒரு தட்டு, அவ்வளவே. எஞ்சியவை யாவும் அகத்தில் உள்ளன.

நமது மட்டக்களப்பு வாவியிற் கோடுமில்லை, சுவருமில்லை. அதனால் இங்குள்ளோர் புலன்வறியர் என எவர் துணிந்து கூறுவார்? கல்லடிப் பாலத்தருகே, நிலவுக்காலத்தில், துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைச் செவியிலும் வைத்துப் பாடும் மீனின் ஒலியைக் கேட்டவர் நம்மவர். நீரோட்டத்தைத் தோலால் அறியும் பிள்ளைகள் இங்கு உண்டு. ஆயின் அவ்வறிவு சுவரைச் சந்தித்ததில்லை. 1971இல் பாக்கு நீரிணையைக் கடந்து மீண்ட ஆழிக்குமரன் ஆனந்தனை நாம் போற்றுகிறோம். அந்நெடுந்தொலைவில் திரும்பல் ஒன்றேயன்றோ?

இத்தகைய பிள்ளை தடாகத்திற் சுவரருகே தடுமாறினால், கரையில் நின்று "உதை, உதை" என்று கூவுகிறோம். பின்னர் "வலுப் போதாது" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். இது பயிற்சியன்று, அநீதி. ஆழமற்ற ஓரிடத்தில் (முதலை வராத இடமாகப் பார்த்து!) இரு கம்பு நட்டுப் பலகையொன்றைக் கட்டுதற்கு எவருடைய நிதி வேண்டும்? அதனை நோக்கி எத்தனை வீச்சு என்று பிள்ளை எண்ணட்டும். கரையிலமர்ந்து, கண்மூடி, அத்திரும்பலை மனத்தில் நிகழ்த்திப் பார்க்கட்டும். தவறியவிடத்துப் பயிற்றுநர் கேட்க வேண்டியது, "ஏன் உதைக்கவில்லை?" என்பதன்று; "சுவர் உனக்கு எப்பொழுது தெரிந்தது?" என்பதே.