தூளி ஆட்டாமல் தூங்குமா குழந்தை? ‘ஸ்லீப் டிரெய்னிங்’ சொல்வது என்ன?

பழையசீவரம் பக்கம் இன்றும் குழந்தைக்குத் தூளிதான். ஆட்டித் தூங்கிய குழந்தை, நடுராத்திரி விழித்தால் மறுபடி ஆட்டச் சொல்லி அழும். பாட்டி இருந்தால் சரி. காலையில் வேலைக்குப் போகும் அம்மா? மகப்பேறு விடுப்பு 26 வாரம். பிரசவத்துக்கு முன்பே 8 வாரம் எடுத்திருந்தால், நாலு மாதக் குழந்தையை விட்டுக் கிளம்பணும்.

‘ஸ்லீப் டிரெய்னிங்’ தேடல் அங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985-ல் பிரபலமாக்கிய முறையில், கண் சொக்கும்போதே படுக்க வைப்பார்கள். அழுதால் சில நிமிடம் கழித்துப் போய்த் தட்டிக்கொடுப்பார்கள். அந்த இடைவெளி மெல்லக் கூடும். ஒரேயடியாக அழ விட்டுடுறது இல்லை.

மனசு பாதிக்காதா? இதுபோன்ற மிதமான முறைகளை ஆராய்ந்து, குழந்தைகளை ஆறு வயதுவரை கவனித்த ஆஸ்திரேலிய ஆய்வு (2012) பாதிப்பு எதையும் காணவில்லை. நீண்டகாலப் பலனையும்தான்! பசிக்கு அழுதால் பால் கொடுத்தே ஆகணும்.

ஒரே அறையில் எல்லோரும் படுக்கும் வீட்டில் கடிகாரம் பார்த்து அழ விடுவது கஷ்டம். அங்கே முதலில், ராத்திரி அப்பாவும் எழுந்து ஆட்டலாமே.